தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர் களி

கடந்த செவ்வாய்க்கிழமை. காலை 6.40-க்கு விரலில் குத்திக்கொண்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. நோட்டில் எழுதினேன். 7.25-க்குக் கம்பெனி பஸ். 8.05-க்கு என் லேப் கதவைத் திறந்தேன். அறை வெப்பநிலை 20.1 டிகிரி. அதையும் எழுதினேன்.

9.10-க்கு வாசலில் ஹாரன் சத்தம். இரண்டு தடவை.

எங்கள் தொழிற்சாலைக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் திருப்பத்தில் மட்டும்தான் ஹாரன் அடிக்க வேண்டும். என் லேப் வாசலில் திருப்பம் கிடையாது. நேர் பாதை. யார் இப்படி விதியை மீறுவது என்று எட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் வண்டி. ஸ்டீயரிங்கில் நாகராஜ். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். ஆனால் அவர் முதுகு சிரித்தது. முதுகு சிரிக்குமா? சிரிக்கும். அன்று பார்த்தேன்.

அந்த விதிமீறலை நான் எழுதி அனுப்பவில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். ஏன் விட்டேன்?

வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இன்று புதிதாக வந்தவர்களுக்காக: ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் லேபுக்கு நான் பொறுப்பு. வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ்... எல்லாம் ஒழுங்காக அளவு காட்டுகிறதா என்று பார்ப்பேன். காட்டினால் பச்சை ஸ்டிக்கர். அதில் அடுத்த சோதனைக்கான தேதி. வயது 52. சர்க்கரை வந்து பதினோரு வருஷம். என் சர்க்கரை நோட்டின் அட்டையிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி அதில் இருக்கிறது. என் மனைவிக்கு இது ஒரு வேடிக்கை. உங்களுக்கும் இருக்கட்டும்.

நாகராஜுக்கு 46 வயது. அஞ்செட்டிப் பக்கத்து ஆள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். பதினோரு வருஷமாக எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு டன் இரும்புக் கூடையை, ஒரு கை அகலம் மட்டுமே இடம் விட்ட அடுக்கில், சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவார். மற்ற டிரைவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. நாகராஜுக்குச் சர்க்கரை 268. வெறும் வயிற்றில். அதோடு தூரத்து எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்று அவரே சொல்லிவிட்டார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.8.

கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் வரும் டாக்டரம்மா அன்றைக்கே எழுதிவிட்டார். வண்டி ஓட்டக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. ஹெச்பிஏ1சி ஏழரைக்குக் கீழே வந்து, கண் டாக்டரும் சரி என்று சொன்னால் வண்டி திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் நிரந்தரமாகப் பேக்கிங் செக்‌ஷன்.

சம்பளத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் பேக்கிங் மேஜையில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த நாகராஜை முதல் நாள் பார்த்தபோது எனக்கே வேறு பக்கம் பார்க்கத் தோன்றியது. அவருடைய வண்டியை வேறு ஒருவர் ஓட்டிப் போகும்போதெல்லாம் இவர் குனிந்துகொள்வார்.

மறுநாள் டீ இடைவேளையில் என் லேபுக்கு வந்தார்.

"சார், உங்களுக்கும் சுகராமே. நீங்க இன்னா பண்றீங்க?"

"எழுதறேன்."

"எழுதுனா கொறையுமா?"

"எழுதாம எனக்குக் குறையல."

நான் டாக்டர் இல்லை. மாத்திரை பற்றி வாய் திறக்க மாட்டேன். அது டாக்டரம்மா வேலை. ஆனால் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர முடியும். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மருந்துக் கடையில் குளுக்கோமீட்டரும், ஒரு சோதனைக்கு ஒன்றாகச் செருகும் ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பாவும் வாங்கினார். விரல் நுனியில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு, கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

முதல் நாள் நோட்டைக் காட்டினார். சாப்பிட்ட பின் 247. தொழில் பழக்கம்... கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'நாட் ஓகே' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நோட்டு வந்தது. 138, 129, 134.

அதற்கடுத்த வாரம்: 126, 122, 128.

மூன்றாவது வாரம் 118-இலிருந்து 124-க்குள் எல்லாமே அடங்கிவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேன்டீனில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். "நாகராஜைப் பாருங்கள். மூன்றே வாரம்."

ஆனால் அன்று இரவு படுத்த பிறகு ஏதோ உறுத்தியது. மனித உடம்பு இவ்வளவு நேராக இருக்குமா? பாகங்களைத் தானே கடைந்தெடுக்கும் எங்கள் மிகச் சிறந்த சிஎன்சி மெஷின்கூட இப்படி ஒரே அளவாகத் தராது. எங்கேயோ தப்பு.

இங்கேதான் ஒரு அளவுக் கருவிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். நான் கருவியைச் சந்தேகப்பட்டேன்.

"நாகராஜ், நாளைக்கு உங்க மீட்டரைக் கொண்டு வாங்க. செக் பண்ணணும்."

"இன்னாத்துக்கு சார்? நல்லாதான காட்டுது."

"ரொம்ப நல்லாக் காட்டுது. அதான்."

மறுநாள் கொண்டு வந்தார். என் விரலில் ஒரே குத்து. ஒரு சொட்டு என் மீட்டருக்கு, ஒரு சொட்டு அவருடையதுக்கு. என்னுடையது 143, அவருடையது 147. கருவி சுத்தம். ஸ்ட்ரிப் டப்பாவை மூடப் போனேன். மூடும் முன் எண்ணினேன். அதை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்காதீர்கள், நான் அப்படித்தான்.

இருபத்தோரு நாள், தினம் இரண்டு. நோட்டில் இருந்தவை நாற்பத்திரண்டு அளவுகள். நான் இப்போது எடுத்தது ஒன்று. ஐம்பதில் ஏழு மிச்சம் இருக்க வேண்டும்.

நாற்பது இருந்தது.

மீட்டரின் மெமரி பட்டனை அழுத்தினேன். இப்போதைய 147-ஐ விட்டால், மூன்று வாரத்தில் ஒன்பதே அளவுகள். 247, 261, 239, 284... ஒன்றுகூட இருநூறுக்குக் கீழே இல்லை. அந்த ஒன்பதும் முதல் ஐந்து நாளில் எடுத்தவை. அதற்குப் பிறகு மீட்டர் உறங்கிக்கொண்டிருந்தது. பேனாதான் வேலை பார்த்திருக்கிறது.

"நாகராஜ்."

"சார்."

"ஏழு ஸ்ட்ரிப் இருக்கணும். நாற்பது இருக்கு."

அவர் ஏசியைப் பார்த்தார். "உங்க ரூம் குளிரு சார். எப்பிடித்தா உக்காந்துனு இருக்கீங்களோ."

ஸ்ட்ரிப் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்கதான சார் சிவப்புப் பேனால சுத்துனீங்க" என்றார்.

"என்னது?"

"மொத நாளு. எரநூத்தி நாப்பத்தேழ சுத்தி, நாட் ஓகேன்னு போட்டீங்க. நம்ம கம்பெனில சிவப்பு போட்ட பீஸு எங்க போவும்? பதினோரு வருசமா நாந்தான சார் அதயெல்லாம் ஃபோர்க்ல தூக்கினு போயி ஸ்கிராப் யார்டுல கொட்டறேன்."

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அந்த வட்டத்தைப் பார்த்தேன்.

"அதான், நீங்க கேட்ட நம்பர எழுதிக் குடுத்துட்டேன். வண்டி செக் ஷீட்டும் அப்பிடித்தான சார். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கு, டயரு, ஆயிலு, ஹாரனு... பத்துக் கட்டம். வரிசையா பத்து டிக்கு. எவன் சார் எறங்கிப் பாக்கறான்?"

யோசித்துப் பார்த்தால், இது நாகராஜ் மட்டும் செய்வதா? ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து நாம் எல்லோரும் யோக்கியமாகிவிடுவதில்லையா? கஸ்டமர் ஆடிட் வருகிறது என்றால் மெஷினுக்குப் பெயின்ட் அடிக்கிறோமே, அந்த மாதிரி. இனிப்பு கிடையாது, இரண்டு சப்பாத்தி, வேகமாக ஒரு நடை. ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் பஜ்ஜிக் கடை. ஆனால் ஹெச்பிஏ1சி என்கிற ஆடிட்டர் கொஞ்சம் விவரமானவர். அவர் கேட்பது கடைசி மூன்று நாளை அல்ல, கடைசி மூன்று மாதத்தை. பெயின்ட் வாசனையெல்லாம் அவரிடம் எடுபடாது.

அதில் மூன்று வாரம் போய்விட்டது. மிச்சம் பத்து வாரம்.

மறுநாள் வீட்டிலிருந்து என் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டு போனேன். பதினோரு வருஷத்துக்கு முந்தையது. அதில் ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பர்கூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த நாள். 342.

நாகராஜ் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "சார்... இது நீங்களா?"

"நான்தான்."

"எங்களுக்கு அட்வைஸு, நீங்க அங்க மூணு ரவுண்டு ஜாங்கிரியா?"

"ரெண்டு ஜாங்கிரி. ஒரு ஐஸ்கிரீம்." எதையும் சரியாகச் சொல்லவேண்டும் அல்லவா.

அவர் சிரித்தது அன்றுதான். வண்டியை விட்டு இறங்கிய பிறகு முதல் தடவையாக.

என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை டிராயருக்குள் போட்டேன். புது நோட்டு. புது விதி, ஒன்றே ஒன்று: மீட்டர் காட்டுவதை எழுத வேண்டும், பக்கத்தில் என்ன சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். ஓகே, நாட் ஓகே எதுவும் கிடையாது. நான் பார்ப்பேன், ஒன்றும் எழுத மாட்டேன்.

"அப்ப மாத்திரை?" என்று கேட்டேன். "ஒழுங்காப் போடறீங்கதானே?"

"களி சாப்டற நாள்ல எதுக்கு சார் மாத்திர?"

"களி எந்தெந்த நாள் சாப்பிடுவீங்க?"

"டெய்லி சார்."

அன்றைக்கே அவரை டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மாத்திரையை நேரத்துக்குப் போட ஆரம்பித்தார்.

களி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ராகிக் களி வெறும் சாப்பாடு இல்லை, ஒரு நம்பிக்கை. சர்க்கரை வந்தவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சோற்றை விடு, களிக்கு மாறு. மாறலாம், நல்லதுதான். ஆனால் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. நாகராஜ் புது நோட்டில் எழுதிய முதல் வரி இது: "ராத்திரி களி. கொள்ளு சாறு. 286."

"எவ்வளவு களி?"

"ரெண்டு உருண்ட."

"எவ்வளவு பெரிசு?"

இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். எனக்குக் கை அளவெல்லாம் ஒத்து வராது. "நாளைக்கு ஒன்று கொண்டு வாங்க" என்றேன்.

லேபுக்குள் உணவுப் பொருள் வரக் கூடாது. அதனால் மதிய இடைவேளையில் கேன்டீன் பின்பக்கம் சிமென்ட் பெஞ்சில் வைத்துதான் அளந்தேன். கம்பெனி வெர்னியரால் அல்ல. என் சொந்த வெர்னியர், பழசு. கேன்டீன்காரரின் தராசைக் கேட்டு வாங்கினேன். குறுக்களவு 98 மில்லிமீட்டர். எடை 510 கிராம். ராத்திரிக்கு இது இரண்டு. ஒரு கிலோவுக்கு மேல்.

சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், "சார், இது கோ-வா, நோ-கோவா?" எங்கள் தொழிலில் கோ, நோ-கோ கேஜ் என்று ஒரு எளிய கருவி உண்டு. எண்ணே பார்க்க வேண்டாம். பாகம் அதற்குள் நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தப்பு. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஒரு போன். நாகராஜின் மனைவி ருக்மணி.

"அண்ணா, வணக்கம். களிய ஸ்கேல் வச்சி அளந்தீங்களாமே. இனிமே இட்லிக்கு நூல் புடிச்சிப் பாப்பீங்களா?"

"இல்லம்மா, அளவு கொஞ்சம்..."

"பெருசுன்னு சொல்லுங்க. நானும் பத்து வருசமா சொல்றேன். 'களிதானடி, ஒடம்புக்கு நல்லது'ன்னுவாரு. என் பேச்சு எங்க ஏறுது. நீங்க எத்தினி மில்லிமீட்டரு சொல்றீங்களோ அப்பிடியே பண்ணிடறேன். வூட்ல உங்க ஸ்கேலு இல்ல, அவ்ளோதா."

டாக்டரம்மா ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கிராமில் சொல்லியிருந்ததை நான் திருப்பிச் சொன்னேன்.

"கிராமெல்லா எனக்கு எதுக்குண்ணா? நாங்க பூவப் பாத்த ஒடனே தரம் பிரிக்கறவங்க."

ருக்மணி வேலை செய்வது ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணை ஒன்றில். காம்பின் நீளத்தை வைத்துப் பூக்களைத் தரம் பிரிக்கும் வேலை. மேஜையில் கோடு போட்ட பலகை இருக்கும். பூவை அதன் மேல் வைத்தால் எந்தக் கட்டு என்று கை முடிவு செய்துவிடும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் பூ என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. எண்ணுவது வேறு ஒருவர் வேலையாம்.

ருக்மணி செய்தது இவ்வளவுதான். கேன்டீன் தராசில் டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஒரு உருண்டையை எடை போட்டு அனுப்பச் சொன்னார். அது சரியாக அடங்குகிற மாதிரி வீட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் தேடினார். அதற்குப் பிறகு களியைக் கையால் உருட்டவில்லை. கிண்ணத்தில் போட்டு ஒரு சுழற்று சுழற்றுவார், உருண்டை வந்துவிடும். ஒன்றுதான். தட்டின் மிச்ச இடத்தில் கீரை, அவரைக்காய், முட்டை, கொள்ளு சாறு. அந்தக் கிண்ணம்தான் கோ, நோ-கோ கேஜ். என் வெர்னியருக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் வாரம் நாகராஜ் என்னிடம் பேசவில்லை. பசி. இரண்டாவது வாரம் பேசினார்.

"சார், அந்தக் கிண்ணத்த நீங்கதா வாங்கிக் குடுத்தீங்களா?"

"இல்லை."

"யாரு செஞ்ச கிண்ணம்னு தெரிஞ்சா சொல்லுங்க. ஒரு வார்த்த கேக்கணும்."

அடுத்தது நடை. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தொழிற்சாலையில் நாள் முழுக்க நகர்வார், ஆனால் நடக்க மாட்டார். உட்கார்ந்தே பத்து கிலோமீட்டர் போய்விடுவார். கம்பெனி பஸ்ஸில் அவருடைய ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கச் சொன்னேன். தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருபத்தைந்து நிமிஷ நடை. முதல் நாள் இறங்கியபோது ஜன்னலில் பத்துத் தலை. "இன்னா நாகராஜண்ணா, வண்டிதா ஓட்டறது இல்ல, வூடும் மறந்து போச்சா?" அவர் கையைக் காட்டிவிட்டு நடந்தார். நான்காவது வாரம் அந்த ஸ்டாப்பில் அவரோடு இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவருக்குச் சர்க்கரையே கிடையாது. வர இருக்கிறது என்று சந்தேகமாம்.

எண்கள் இறங்க ஆரம்பித்தன. நேராக இல்லை. 231, 204, 219, 188, 196, 171... உடம்பு எழுதுகிற கோடு இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி. அந்தக் கோணல்தான் எனக்கு நிம்மதி. ஒரு நாள் காலை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து, பேக்கிங் மேஜையில் கை நடுங்கி, வேர்த்து, 62. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் மருந்தை மாற்றி எழுதினார். அந்த 62-ஐயும் நாகராஜ் எழுதினார். பக்கத்தில் "சாப்பிடல. என் தப்பு" என்று ஒரு வரி. அன்றிலிருந்து சட்டைப் பையில் நான்கு மிட்டாய். அது தின்பதற்கு இல்லை, அவசரத்துக்கு.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோதனைக்கு இன்னும் மூன்று வாரம். ராயக்கோட்டையில் நாகராஜின் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

திங்கட்கிழமை காலை 8.10. நான் லேப் கதவைத் திறந்து லைட்டைக்கூடப் போடவில்லை. நாகராஜ் நோட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்கவில்லை. வழக்கமாக நோட்டைக் காட்டும் நாள் வெள்ளிக்கிழமை.

"பாருங்க சார்."

ஞாயிறு மதியம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம்: 238. பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு பட்டியல். பிரியாணி, பாயசம் ரெண்டு டம்ளர், ஹோளிகெ ஒண்ணு. ஹோளிகெ என்றால் நம் போளி.

"மச்சான் வூட்ல பாத்ரூம்ல போயி குத்திப் பாத்தேன் சார். எல்லாரும் வயிறு சரியில்லன்னு நெனச்சாங்க. நம்பரப் பாத்ததும்... எழுதாம வுட்டுடலாமான்னு இருந்துச்சி. உங்களுக்குத் தெரியவா போவுது."

"எழுதிட்டீங்களே."

"மெமரில இருக்குமே சார், நீங்க அமுக்கிப் பாப்பீங்க" என்றார். நோட்டை மூடினார். "அதுக்காவ இல்ல. எழுதுனாதான இன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு ஸ்டாப்புக்குப் பதிலா மூணு ஸ்டாப்பு எறங்கணும்னு தெரியும்."

உண்மையைச் சொல்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ அளவுகளைப் பார்த்திருக்கிறேன். மைக்ரான் கணக்கில் சரியாக வந்த பாகங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த 238 மாதிரி ஒரு நல்ல எண்ணைப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அறை வெப்பநிலை எழுத மறந்துவிட்டேன். 8.40-க்குத்தான் எழுதினேன்.

போன வாரம் வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கண் டாக்டர். எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. கண்ணில் பாதிப்பு இல்லை. வருஷம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சனி, ஞாயிறு கடந்தது. திங்கட்கிழமை 11.30-க்கு டாக்டரம்மா அறையில் ரிப்போர்ட். எனக்கு அங்கே வேலை இல்லை. அதனால் 11.20-லிருந்து அந்த வராந்தாவில் ஒரு சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் தாமதம்.

கதவு திறந்தது. நாகராஜ் வந்தார். தாளை என் கையில் கொடுத்தார்.

7.1.

"ஏழரைக்குக் கீழதான சார் இது?"

"கீழதான்."

"கரெக்டாப் பாருங்க. நீங்கதான அளக்கறவரு."

இரண்டு தடவை பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்று. அவர் தாளைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்து, மிட்டாய் இருக்கும் அதே பையில் வைத்தார். வராந்தா கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். மறுபடி தாளை எடுத்துப் பார்த்தார். ருக்மணிக்குப் போன் போட்டார். அவர் பூ பிரித்துக்கொண்டிருந்திருப்பார் போல. இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: "ஏய், உன் கிண்ணம் பாஸு."

இதை நான் சாதனை என்று எழுதினால் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். சர்க்கரை போய்விடவில்லை. அது போகாது. நாளைக் காலையும் குத்த வேண்டும், கிண்ணத்தில் உருட்ட வேண்டும், இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்க வேண்டும், மாத்திரை போட வேண்டும். ஒரு கருவியை ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் ஆயுளுக்கும் சரியாக இருக்குமா? அதற்குத்தானே ஸ்டிக்கரில் அடுத்த தேதி. ஆனால் பத்து வாரம் ஒரு மனிதர் தினமும் தன்னைப் பற்றி உண்மையை எழுதியிருக்கிறார். அதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

இப்போது அந்த ஹாரனுக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நாகராஜ். ஒரு கையில் தட்டு. இன்னொரு கையில் நீளக் காம்போடு ஒரு ரோஜா. "உங்க தங்கச்சி குடுத்தனுப்புனா. காம்ப நீங்க அளப்பீங்கன்னு சொல்லி, அவளே அளந்துட்டா. அறுபது சென்டியாம்."

வாங்கிக்கொண்டேன். பிறகு, பொறுப்பான அதிகாரியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். "காலையில என் வாசலில் எதுக்கு ஹாரன்? அங்க திருப்பமே இல்லையே."

"செக் ஷீட்டு சார்."

"என்ன?"

"பத்துக் கட்டத்துல ஒண்ணு ஹாரன். பதினோரு வருசமா டிக்கு போட்டுனே வந்தேன்." தட்டை நீட்டிப் பொரியல் வாங்கிக்கொண்டார். இன்னொரு கரண்டி கேட்டார். "இன்னிக்குத்தா சார் அமுக்கிப் பாத்தேன். அடிக்குது."

லேபுக்குத் திரும்பினேன். ரோஜாவைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தேன். அளந்தேன், ஐம்பத்தொன்பதரை. பிறகு என் சர்க்கரை நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, ஒரு எண்ணை அடித்துத் திருத்தினேன்.

இந்த வாரப் பத்தியின் முதல் பாராவில் 112 என்று இருக்கிறது அல்லவா? மீட்டர் காட்டியது 131. திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.